நூறு வயது பாஞ்சோவின் உடம்பைப் பார்ப்பது எப்படி

பழைய பாஞ்சோவை விற்க வருகிறவர் அதன் முகத்தைத்தான் காட்டுவார். தண்டியில் பதித்த சிப்பிப் பூவேலை, பளபளக்கும் நிக்கல் கொக்கிகள், தலையில் ஒரு நட்சத்திரம். வாங்கப் போகிற நீங்கள் அதை வாங்கி அப்படியே கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான பழைய பாஞ்சோக்களுக்கு முதுகு கிடையாது; பின்பக்கம் திறந்தே இருக்கும். வயலினின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சின்னக் கண்ணாடியும் விளக்கும் தேவைப்படும். பாஞ்சோவிலோ எலும்பு, மூட்டு, பழைய தழும்பு எல்லாம் கவிழ்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இதை நான் கற்றது ஒரு வாத்தியத்தைக் கெடுத்துத்தான். பென்சில்வேனியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 1890களைச் சேர்ந்த ஐந்து தந்திப் பாஞ்சோ கிடைத்தது. வீட்டுக்கு வந்த கையோடு எஃகுக் கம்பிகளைப் பூட்டி இன்றைய சுருதிக்கு ஏற்றினேன். அன்று மாலை அருமையாகப் பேசியது. மூன்றாவது வாரம், தண்டியின் குறுக்கே விரல் அழுத்தப் பதித்த மெட்டுகளில் பன்னிரண்டாவதில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பென்சில் தாராளமாக நுழைந்தது. தண்டி வில்லாகிவிட்டது. விற்றவர் மேல் குற்றமில்லை. நூறு வருடம் நேராக நின்ற கட்டையை வளைத்தவன் நான்தான். கீழே இருக்கும் வரிசை அதற்குப் பிறகு வந்த புத்தி.

எந்தப் பாஞ்சோவைப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பாஞ்சோ என்றால் பலருக்கு டைப்ரைட்டர் போலப் பொத்தானை அழுத்தி வாசிக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். வடக்கே அதைப் புல்புல் தரங் என்பார்கள். ஜப்பானில் 1912ல் உருவான தைஷோகோட்டோவின் வாரிசு அது. நான் சொல்வது தோல் போர்த்திய, நீளத் தண்டி வைத்த அமெரிக்கப் பாஞ்சோ. குறிப்பாக 1880க்கும் 1920க்கும் இடையில் செய்யப்பட்டவை. சந்தைக்கு வருகிற பழசுகளில் அந்தக் காலத்தவைதான் அதிகம்.

கழியும் குடுக்கையும்

பாஞ்சோவின் மூலம் மேற்கு ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கரீபியன் தீவுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் இழுத்துச் செல்லப்பட்ட மக்கள் சுரைக்குடுக்கையின் மேல் தோலைக் கட்டி, ஒரு கழியைக் குறுக்கே செருகி, அதில் தந்தி பூட்டினார்கள். 1680களின் கடைசியில் ஜமைக்காவில் இருந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் இவற்றைப் பார்த்துக் குறித்துவைத்தார்; 1707ல் வெளியான அவருடைய நூலில் படமும் உண்டு. 1840களில் வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடைக் காட்சிகள் மூலம் வாத்தியம் நகரங்களுக்குப் போனது. அந்த இழிவும் இதன் வரலாற்றோடு ஒட்டியதுதான். அதே காலத்தில் பால்டிமோரில் முரசு செய்துவந்த வில்லியம் பௌச்சர், முரசில் இருந்த திருகுக் கொக்கிகளைப் பாஞ்சோவுக்குக் கொண்டுவந்தவர்களில் முந்தியவர். அவர் செய்தவை சில இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

குடுக்கை போய் மரவளையம் வந்தது, நரம்பு போய் எஃகு வந்தது, மெட்டே இல்லாத தண்டியில் மெட்டு வந்தது. அந்தக் கழி மட்டும் போகவில்லை. தண்டியின் அடியிலிருந்து புறப்பட்டு, வளையத்தைக் குறுக்கே கடந்து, மறுகோடியில் முடியும் சதுரக் கட்டையாக அது இருக்கிறது. ஆங்கிலத்தில் டவுல் ஸ்டிக். நான் நடுக்கோல் என்று சொல்லிக்கொள்கிறேன். பழைய பாஞ்சோவின் உடல்நிலையில் பாதியை இந்தக் கோலே சொல்லிவிடும்.

எதனால் ஆனது

வளையத்துக்கு ரிம் என்று பெயர். சைக்கிள் ரிம்மை நினைத்துக்கொண்டால் தப்பில்லை. விட்டம் பெரும்பாலும் 10 முதல் 13 அங்குலம். மேப்பிள் மரத்தை நீராவியில் வளைத்துச் செய்வார்கள்: தடித்த ஒரே பட்டையாக இருக்கலாம், மெல்லிய பட்டைகளை அடுக்கி ஒட்டியதாக இருக்கலாம். 1880, 90களில் மரத்தின் வெளிப்புறத்தை ஜெர்மன் சில்வர் தகட்டால் போர்த்தி, விளிம்புகளை ஒரு கம்பியின் மேல் சுருட்டி மடிப்பது வழக்கம். பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி ஒரு குன்றிமணி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். பிலடெல்பியாவின் எஸ்.எஸ். ஸ்டூவர்ட் இந்த வகை ரிம்முக்குப் பேர் போனவர்.

ரிம்மின் மேல் சில பாஞ்சோக்களில் ஓர் உலோக அமைப்பு உட்காரும். ஒலி வளையம் எனலாம். பாஸ்டனின் ஃபேர்பேங்க்ஸ் பட்டறை 1901ல் ஒயிட் லேடி என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. அதில் ரிம்மின் மேல் அலையலையாக வெட்டிய உலோக வளையம் ஒன்று நிற்கும். 1904ல் அந்தப் பட்டறை தீப்பிடித்த பிறகு வேகா நிறுவனம் அதை வாங்கியது. 1909ல் வந்த டியூபஃபோனில், ஓட்டைகள் போட்ட சதுரக் குழாயே வளையம். இந்த இரண்டும் இன்றைக்கும் தேடி வாங்கப்படுகின்றன. ஒலியைக் கேட்டால் காரணம் தெரியும். சாதாரண மரரிம்மில் கேட்கும் டொக்கு டொக்கு இதில் மணிபோல நீளும்.

அதற்கு மேல் கன்றுத்தோல். தோலின் ஓரத்தை ஒரு சதுரக் கம்பி வளையத்தில் சுற்றி மடித்திருப்பார்கள். அந்த மடிப்பின் மேல் பித்தளையிலோ இரும்பிலோ இறுக்கு வளையம். அதைக் கொக்கிகள் கீழே இழுக்கும். கொக்கிகளின் அடியில் நட்டு. மிருதங்கத்தில் வார் செய்கிற வேலைதான் இது. என்ன, கல்லும் கட்டையும் வைத்துத் தட்ட வேண்டியதில்லை, ஒரு சாவி போதும்.

தண்டி மேப்பிள், வால்நட், மஹோகனி ஆகியவற்றில் ஒன்று. அதன் மேல் கருங்காலிப் பலகை. தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டையான குதிரை, தோலின் மேல் சும்மா நிற்கும், ஒட்டியிருக்காது. ஐந்தாவது தந்தி மட்டும் குட்டை. அதை முறுக்கும் பிரடை தண்டியின் பக்கவாட்டில், ஐந்தாம் மெட்டருகே இருக்கும்.

இவ்வளவையும் எழுதக் காரணம் இதுதான்: பாஞ்சோவில் பசை குறைவு. ரிம், தோல், கொக்கி, தண்டி எல்லாம் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவை. ஓர் இடத்தில் இழுப்பு மாறினால் இன்னோர் இடத்தில் வலி தெரியும். மேலே தந்தி உயரமாக இருக்கிறது என்று குதிரையைச் செதுக்குகிறவர்கள் உண்டு. நோய் பெரும்பாலும் அங்கே இல்லை.

கை வைப்பதற்கு முன்

வாங்கிய அன்று எதையும் முறுக்காதீர்கள். இருக்கிற தந்திகளைத் தளர்த்துங்கள், அவ்வளவுதான். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். குதிரை எங்கே நிற்கிறது, தந்தியின் அடிப்பிடி எப்படிக் கட்டியிருக்கிறது, எந்தக் கொக்கி வளைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக. துணியால் அழுத்தித் துடைக்கவும் வேண்டாம். தோலின் உட்புறத்திலும் ரிம்மின் உள்வட்டத்திலும் பென்சில் எழுத்து இருக்கலாம். ஒரு ரிம்முக்குள் தூசியை மென்மையான தூரிகையால் தள்ளியபோது பெண் பெயர் ஒன்றும் ஒரு தேதியும் வெளிவந்தன. ஈரத்துணியைப் போட்டிருந்தால் போயிருக்கும்.

அடுத்து எழுத்துகளைப் படியுங்கள். செய்தவர் பெயர், வரிசை எண், மாதிரியின் பெயர் எல்லாம் பெரும்பாலும் நடுக்கோலில்தான் முத்திரை குத்தியிருக்கும். தண்டியின் எண்ணும் ரிம்மின் எண்ணும் ஒன்றாக இருந்தால் இரண்டும் பிறவித் துணை. மூன்று இடங்களில் ஏமாறுவார்கள். உலோகத்தில் 1881 என்று காப்புரிமை ஆண்டு பொறித்திருந்தால் வாத்தியம் 1881ல் செய்யப்பட்டது என்று பொருள் இல்லை. அதற்கு முன்னால் செய்யப்படவில்லை என்பது மட்டுமே உறுதி. இரண்டாவது, பெயர். ஸ்டூவர்ட் 1898ல் இறந்தார்; பிறகும் அவர் பெயரைத் தாங்கிச் சாதாரண வாத்தியங்கள் வந்தன. மூன்றாவது, பெயரே இல்லாதது. நியூயார்க்கில் பக்பீ என்ற பட்டறை பல கடைகளுக்காகப் பாஞ்சோ செய்து கொடுத்தது. கடைக்காரர் பெயர் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. பெயரில்லை என்பதால் மட்டும் மட்டமான சரக்கு என்று தள்ளிவிட வேண்டாம்.

கொக்கி எண்ணிக்கையைப் பார்த்தும் மயங்காதீர்கள். அந்தக் காலத்து விலைப்பட்டியல் புத்தகங்களில் இத்தனை கொக்கி என்று சொல்லியே விலை ஏற்றினார்கள். முப்பதுக்கு மேல் கொக்கி வைத்த மலிவு பாஞ்சோக்களும் இருக்கின்றன.

பிரிட்டனிலிருந்து வந்த ஒரு வகையைப் பற்றி ஒரு வரி: தலையில் ஆறு பிரடை, தந்தி ஐந்து, பின்பக்கம் மூடியிருக்கும், ஐந்தாவது தந்தி தண்டிக்குள்ளே ஒரு குழாயில் நுழைந்து ஐந்தாம் மெட்டில் வெளியே வரும். அது ஜிதர் பாஞ்சோ. ஆறாவது பிரடை சும்மா இருப்பதுதான் முறை. ஒரு தந்தி தொலைந்துவிட்டது என்று தேடாதீர்கள்.

ரிம்மின் கோட்டம்

சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பார்களே, அதே சோதனை. நடுக்கோலின் போக்கில் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு அதற்குக் குறுக்கே அளங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வயதின் அடையாளம், விட்டுவிடலாம். கால் அங்குலத்தைத் தொட்டால் புதுத் தோல் உட்காராது, இறுக்கு வளையம் ஒருபக்கம் உரசும். பிறகு ரிம்மைக் கண்ணாடி மேசை போன்ற சமதளத்தில் வைத்து, விரலால் நாலு பக்கமும் தட்டுங்கள். ஆடினால் முறுக்கேறியிருக்கிறது.

அடுக்கு ரிம்மில் பட்டைகள் விட்டிருக்கின்றனவா என்று உள்விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். மரத்தின் இரு முனைகள் சேரும் சரிவு மூட்டு முதலில் திறக்கும் இடம். தகடு போர்த்திய ரிம்மில் மரம் சுருங்கித் தகடு தளர்ந்திருந்தால், விரல் முட்டியால் தட்டும்போது சலசலவென்று ஓர் ஓசை வரும். அது உள்ளே மடித்த கம்பி துருப்பிடித்ததன் ஓசையாகவும் இருக்கலாம். மூட்டுத் திறப்பைச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட ரிம்மை நான் தொடுவதில்லை. அனுபவசாலியிடம் கொடுக்க வேண்டிய வேலை அது.

கொக்கிகளை எடுக்கும் நாள்

கொக்கிகளைக் கழற்ற வேண்டி வந்தால் முட்டை வைக்கும் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழிகளுக்கு எண் போடுங்கள். தண்டிக்கு அடுத்த கொக்கி ஒன்று, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் இரண்டு, மூன்று. ஒவ்வொரு கொக்கியையும் அதனதன் நட்டோடு, அதனதன் குழியில். பழைய பட்டறைகளின் மரை இன்றைய அளவுகளோடு சேராது. ஒரே பாஞ்சோவில் ஒரு கொக்கியின் நட்டு இன்னொன்றில் ஏறாததையும் பார்த்திருக்கிறேன். வலுக்கட்டாயமாக ஏற்றினால் இரண்டின் மரையும் போகும்.

நட்டு சுற்ற மறுத்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். எண்ணெய் மரத்துக்கோ தோலுக்கோ வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சதுர நட்டுக்கு அறுகோணச் சாவியைப் போட்டு முனையை மழுக்கிவிட்டவர்களின் கைவண்ணத்தை நிறையக் காண்பீர்கள். ஒன்றிரண்டு கொக்கி காணாமல் போனதைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்தடுத்து மூன்று இல்லையென்றால் அந்த இடத்தில் இறுக்கு வளையம் மேலே கிளம்பியிருக்கும், பாருங்கள்.

மெருகேற்றும் பசை, மின்ன வைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். நிக்கல் பூச்சு மெல்லியது. பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் போன பூச்சு திரும்பாது. மறுபூச்சுப் போட்டால் பழம்பொருளாக அதன் மதிப்பு இறங்கும்.

நடுக்கோலும் தண்டியின் பிடியும்

அதிக நேரம் இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

நடுக்கோலின் ஒரு முனை தண்டியின் அடிக்கட்டைக்குள் வட்ட முளையாக இறங்கி, பசையில் நிற்கும். பசை என்றால் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும், தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசை. மறுமுனை ரிம்மின் வால்பக்கத்தில் ஒரு திருகாணியில் பிடித்திருக்கும். தண்டிப் பக்கம் ரிம்முக்குள்ளே ஒரு மர ஆப்போ உலோகத் திருகோ கோலை இறுக்கும். தந்தி இழுப்பு முழுவதும் இந்த இரண்டு மூன்று இடங்களில்தான் இறங்குகிறது.

தந்திகள் மிதமான இழுப்பில் இருக்கும்போது தண்டியின் அடிக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை நுழைத்துப் பாருங்கள். தோல் பக்கம் நுழையவில்லை, முதுகுப் பக்கம் நுழைகிறது என்றால் தண்டி முன்னால் சாய்ந்துவிட்டது. பிறகு ஒரு கையில் ரிம், ஒரு கையில் தண்டி பிடித்து, குழந்தையின் பால்பல் ஆட்டம் பார்ப்பதுபோல மெதுவாக அசையுங்கள். டிக் என்று ஒரு சின்ன ஓசை கேட்டால் முளை பசை விட்டிருக்கிறது.

விட்டிருந்தால் பயப்படத் தேவையில்லை. பசை விட்ட முளை நல்ல செய்தி என்றுகூடச் சொல்வேன், உடையாமல் விட்டதே! தந்தி, அடிப்பிடி, ஆப்பு, வால் திருகாணி என்ற வரிசையில் கழற்றி, தண்டிக்கு அருகிலுள்ள கொக்கிகளைத் தளர்த்தினால் தண்டி வெளியே வரும். பழைய வச்சிரத்தை வெந்நீரில் நனைத்த துணியால் இளக்கித் துடைத்து, புது வச்சிரம் போட்டு ஒட்டலாம். எப்போக்ஸி வேண்டாம், உடனே ஒட்டும் பசையும் வேண்டாம். அடுத்தவர் கழற்ற வேண்டி வரும்போது மரம் பிய்ந்துதான் வரும். ஒட்டும்போது கோணத்தைப் பார்த்து ஒட்டுங்கள். கோலும் தண்டியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. தண்டி சற்றே பின்னால் சாய்ந்தமாதிரிச் செய்தவர்கள் பலர்.

உள்ளே தீக்குச்சி, சீட்டுக்கட்டுத் துண்டு, தோல் துணுக்கு ஏதாவது செருகியிருந்தால் எடுத்து எறிந்துவிடாதீர்கள். அது முன்பு ஒருவர் கோணத்தைச் சரிசெய்ய வைத்த அணை. அதன் தடிமனை அளந்து குறித்துக்கொண்டு, பொருத்தமான மரச்சீவலை அதே இடத்தில் வையுங்கள். கெடுதலான பழுது எது தெரியுமா? தண்டியின் அடியிலிருந்து ரிம் வழியாக ஒரு பெரிய மரத்திருகாணியை அடித்திருப்பார்கள். அடிக்கட்டை பிளந்திருக்கும். விலையை அங்கேயே பாதியாகப் பேசுங்கள்.

தண்டி

வாத்தியத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தலைப்பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்குங்கள். வளைவு தெரியும். கணக்காகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாம் மெட்டருகே இடைவெளியைப் பாருங்கள். ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவு இருப்பது நல்லது. இரண்டு மில்லிமீட்டர் என்றால் சிக்கல். இந்தத் தண்டிகளுக்குள் சரிசெய்யும் இரும்புக்கோல் கிடையாது. கிப்சன் நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றதே 1923ல்தான். வளைவை எடுக்கச் சூடுகாட்டி எதிர்ப்பக்கம் இறுக்கி வைப்பார்கள். என் பாஞ்சோவுக்கு அதைத்தான் செய்தேன், முக்கால்வாசி நிமிர்ந்தது. மீதி அப்படியே இருக்கிறது. வேறு வழி, மெட்டுகளைக் கழற்றிப் பலகையைச் சீவுவது, அல்லது சற்றே தடித்த அடி கொண்ட மெட்டுகளை ஆப்புபோல இறக்கித் தண்டியைப் பின்னால் தள்ளுவது.

குதிரையின் இடம் ஒரு நல்ல சாட்சி. தண்டியின் தலைமுனையில் தந்திகள் படிந்து போகும் தலைக்கட்டையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். 13½ அங்குலம் என்றால் குதிரை 27ல் நிற்க வேண்டும். அந்த இடம் தோலின் நடுவுக்கும் வால் விளிம்புக்கும் இடையில், விளிம்புப் பக்கமாக விழ வேண்டும். தோலின் நட்டநடுவிலோ விளிம்பை ஒட்டியோ விழுந்தால் தண்டியும் ரிம்மும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

இப்படிச் சேர்த்துவைத்த ஜோடிகள் குறைவல்ல. 1920களில் நடனக்குழுக்களுக்கு வேண்டியிருந்தது நாலு தந்தி டெனர் பாஞ்சோ. கிப்சன் 1925ல் கொண்டுவந்த மாஸ்டர்டோன் வரிசையில் பெரும்பங்கு அதுதான். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற பாஞ்சோ கலைஞர் 1940களில் மூன்று விரலில் வாசித்த ஐந்து தந்தி பாணி பரவியதும், பழைய டெனர்களின் தண்டியைக் கழற்றிவிட்டு ஐந்து தந்தித் தண்டி பூட்டினார்கள். வாசிக்க அவை அற்புதம். ஆனால் பிறவியிலேயே ஐந்து தந்தியாக வந்ததன் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள். கழற்றிய டெனர் தண்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

மெட்டே இல்லாத தண்டி வந்தால், யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். 1880களுக்கு முன் அதுதான் வழக்கம். பலகையில் கோடுகளாக மட்டும் மரமோ உலோகமோ பதித்ததும் உண்டு. அதில் புது மெட்டு அடித்துவிட்டால், வரலாற்றை அடித்தது மாதிரி.

பிரடையும் தந்தமும்

பழையவற்றில் பிரடைகள் வயலினைப் போல உராய்வில் நிற்பவை. வழுக்கினால் சாக்பீஸ் தூளைத் தடவிப் பாருங்கள். துளை தேய்ந்து முட்டைவடிவம் ஆகியிருந்தால் அடைத்துத்தான் திரும்பத் துளைக்க வேண்டும். ஐந்தாம் பிரடையின் துளையைச் சுற்றித் தண்டியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கடியில் பாருங்கள்.

வெள்ளைப் பிரடை தந்தமா, எலும்பா, செல்லுலாய்டா? வெட்டுமுனையை உருப்பெருக்கியில் பார்த்தால் தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டும் சாய்கோடுகள் தெரியும். எலும்பில் கருப்புப் புள்ளிகள். செல்லுலாய்டில் கோடு போட்ட நோட்டுபோல இணைகோடுகள். இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. யானைத்தந்தம், ஆமையோடு, பிரேசில் ரோஸ்வுட் மூன்றும், அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கடுமையான முதல் பட்டியலில் இருப்பவை. அந்த ரோஸ்வுட் 1992ல் சேர்ந்தது. காகிதம் இல்லாமல் நாடு தாண்டினால் சுங்கத்தில் வாத்தியமே போய்விடும். இந்தியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் தந்தப் பிரடை உள்ளதை வாங்காமல் இருப்பதே நல்லது.

செல்லுலாய்டுக்கு வேறு பிரச்சினை. வயதானால் சிதையும், விடும் ஆவி அருகிலிருக்கும் உலோகத்தைப் பச்சையாக்கும். பெட்டியைத் திறந்ததும் சூடமும் புளிப்புமாக ஒரு நெடி வந்தால் அதுதான். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் வேறு. சூட்டுக்கோல், தீக்குச்சி எதையும் அருகே கொண்டுபோகாதீர்கள். காற்றாட வையுங்கள்.

தோல்

1950களின் பிற்பகுதியில் மைலார் என்ற பிளாஸ்டிக் வந்தது. அதற்கு முன் எல்லாம் கன்றுத்தோல். உங்கள் பழைய பாஞ்சோவில் பிளாஸ்டிக் இருந்தால் பின்னாளில் மாற்றியது. அதில் குற்றமில்லை, மழைக்காலத்தில் நிம்மதிகூட. கன்றுத்தோல் ஈரக்காற்றில் தொய்யும், உலர்ந்தால் விறைக்கும், ஓரத்தில் கிழியும். ஒரு நேர்கோலை முகத்தின் மேல் வைத்துக் குதிரைக்கடியில் பள்ளத்தைப் பாருங்கள். சற்றே இறங்கியிருப்பது இயல்பு.

புதுத்தோல் போடுவதாக இருந்தால், குளிர்ந்த நீரில் துணிபோல் மென்மையாகும்வரை, ஏறத்தாழ அரைமணி ஊறவிடுங்கள். ரிம்மின் மேல் விரித்து, கம்பி வளையத்தை வைத்து, ஓரத்தை மேலே மடித்து, இறுக்கு வளையத்துக்கும் அதற்கும் நடுவே இழுத்துவிடுங்கள். சுருக்கம் போகச் சுற்றிச்சுற்றி இழுக்க வேண்டும். பிறகு நட்டுகளை விரலால் மட்டும் முடுக்கி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஒருபக்கம் முதலில் சுருங்கி வளையத்தைக் கோணலாக்கிவிடும். காய்ந்த பிறகே சாவி. எதிரெதிர்க் கொக்கிகளாகக் கால்சுற்று கால்சுற்று. ஸ்போக் முடுக்குகிற மாதிரியேதான். மேலே நிற்கும் மிச்சத்தோலை அறுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். கழற்றிய பழந்தோலைச் சுருட்டி எடுத்துவையுங்கள். அழுக்குக்கறை படிந்த இடத்திலிருந்து முன்பு வாசித்தவர் கையை எங்கே ஊன்றினார் என்று தெரியும்.

தந்தி ஏற்றுவது

1900க்கு முந்தைய பாஞ்சோக்களில் பெரும்பாலானவை ஆட்டுக்குடல் நரம்புக்காகச் செய்யப்பட்டவை. இன்று அதே இழுப்புள்ள நைலான் வகைத் தந்திகள் கிடைக்கின்றன. அவற்றைப் போடுங்கள். கனமான ஒலி வளையம் கொண்ட ஒயிட் லேடி, டியூபஃபோன் போன்றவை ஆக மெல்லிய எஃகைத் தாங்கும், அதுவும் தண்டி நேராக இருந்தால். சந்தேகம் இருக்கிற இடத்தில் நைலான்தான்.

முதல் நாள் வழக்கமான சுருதிக்கு இரண்டு மூன்று அரைச்சுரம் கீழேயே நிறுத்துங்கள். பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரத்தை அளந்து எழுதுங்கள். மூன்றிலிருந்து நாலு மில்லிமீட்டர் இருந்தால் வசதியாக வாசிக்கலாம். மறுநாள் காலை அளங்கள், ஒரு வாரம் கழித்து அளங்கள். உயரம் ஏறினால் தண்டியோ நடுக்கோலோ நகர்கிறது. தந்தியைத் தளர்த்திவிட்டு டாலர் நோட்டுச் சோதனைக்குத் திரும்பப் போங்கள். இறங்கினால் பெரும்பாலும் தோல் தொய்ந்திருக்கும், கால்சுற்று போதும். தேதியும் அளவும் எழுதிய அந்தத் துண்டுச்சீட்டைப் பெட்டியின் மூடிக்குள் செருகிவையுங்கள். என்னுடையதில் முதல் வரி 7 மில்லிமீட்டர், அதன் கீழே எஃகு என்று எழுதியதை அடித்து நைலான் என்று திருத்தியிருக்கிறது.